சராசரியும் தனிமனிதரும்: மாறற்றிறன் பகுப்பாய்வு குறித்த ஓர் அறநோக்கு

மனிதரைக் கூட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஓர் இயல்பைக் கற்பித்துப் பேசுதல் மிகப் பழைய வழக்கமாகும். நகரத்துப் பிள்ளை கெட்டிக்காரன், கிராமத்துப் பிள்ளை அடக்கமானவன், தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றவாறான கூற்றுக்கள் சந்தையிலும் புகைவண்டியிலும் பாடசாலையின் ஆசிரியர் அறையிலும் இன்றுங் கேட்கப்படுகின்றன. முன்னர் இவை வெறும் வாய்ச்சொல்லாக இருந்தன. இப்பொழுது இவற்றுட் சில எண்களின் வடிவில் வருகின்றன. ஆய்வு மாணவர் ஒருவர் மூன்று குழுக்களின் புள்ளிகளைக் கணினியில் உள்ளிட்டு, எஸ்.பி.எஸ்.எஸ். போன்றதொரு மென்பொருளிடம் கேட்பாராயின், அக்குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்பதற்கான விடை கண்ணிமைக்கும் பொழுதிற் கிடைத்துவிடுகின்றது. வாய்ச்சொல்லை மறுக்கத் துணிபவரும் எண்ணின் முன்னே வாய்மூடி நிற்பதுண்டு. எனவே இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஒரு குழுவின் சராசரியைக் கொண்டு அக்குழுவைச் சார்ந்த ஒருவரை மதிப்பிடுதல் அறமாகுமா? அறமன்றெனின், குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் முயற்சியையே கைவிடுதல் தகுமா? இவ்விரண்டையும் ஊவா மாகாணத்துப் பதுளை மலைகளை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுளையைத் தெரிவு செய்தற்குக் காரணமுண்டு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இந்நாட்டு மக்களை நகரத் துறை, கிராமியத் துறை, பெருந்தோட்டத் துறை என மூன்றாக வகுத்துக் காட்டுகின்றது. இம்மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் மாவட்டங்களுட் பதுளை ஒன்றாகும். 2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி இம்மாவட்டத்தில் 8 இலட்சத்திற்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். அவருள் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் ஏறத்தாழ 1½ இலட்சம் பேராவர். பதுளை நகரிலிருந்து பசறை வழியாக லுணுகலை, மடுல்சீமை நோக்கிச் செல்லும் ஒருவர் மாநகரசபைத் தெருக்களையும் வயல்சூழ்ந்த சிங்களக் கிராமங்களையும் தேயிலை மலைகளுக்கிடையே நீளும் லயங்களையும் சில மணி நேரத்திற்குள் கண்டுவிடலாம். மூன்று குழுக்களின் சராசரிகளை ஒப்பிட விழையும் ஆய்வாளர்க்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை எனத் தோன்றும்.

ஆயின் ஒப்பிடுதற்கு முன்னரே ஒரு செயல் நிகழ்ந்துவிடுகின்றது. அது குழுக்களை வகுத்தல். 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதாய், உறைவிடத் தொழிலாளர் 10 பேரையேனுங் கொண்டதாய் உள்ள தோட்டமே பெருந்தோட்டத் துறையைச் சேரும் என்பது திணைக்களத்தின் வரைவிலக்கணம். 19 ஏக்கர் நிலத்தில் அதே தேயிலையைப் பறித்து அதே வகைக் காம்பராவில் வாழும் குடும்பம் கிராமியத் துறையைச் சேர்ந்ததாகின்றது. நகரத் துறை என்பதோ மாநகரசபை, நகரசபை எல்லைகளுக்குட்பட்ட பகுதி மாத்திரமே. பட்டினசபைகள் 1987 இல் ஒழிந்து பிரதேசசபைகளுள் அடங்கியபின், பசறைக் கடைத்தெருவில் வாணிகஞ் செய்பவரும் புள்ளிவிபரக் கணக்கிற் கிராமத்தவரேயாவர். ஆகவே 'துறை' என்பது இயற்கை இட்ட எல்லையன்று. நிருவாக வசதிக்காக மனிதர் இட்ட கோடாகும். கோடு இடுதல் தவறன்று. கோடின்றிக் கணக்கெடுத்தல் இயலாது. ஆனால் தாமே இட்ட கோட்டைக் காலப்போக்கில் மனித இயல்பின் எல்லையென மயங்குதல் தவறாகும். மென்பொருளில் 1, 2, 3 எனக் குழுக்களுக்கு இலக்கமிடும் ஆய்வாளர், அவ்விலக்கங்கள் எவ்வாறு பிறந்தன என்பதை மறத்தல் கூடாது.

இனி, முறையின் இயல்பை நோக்குவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் இம்முறைக்குச் 'சராசரிப் பகுப்பாய்வு' என்று பெயரிடப்படவில்லை. 'மாறற்றிறன் பகுப்பாய்வு' என்றே பெயரிடப்பட்டது. மாறற்றிறன் என்பது சராசரியினின்றும் மனிதர் எவ்வளவு விலகிப் பரந்துள்ளனர் என்பதன் அளவை. சராசரிகள் வேறுபடுகின்றனவா என அறிதற்கு மனிதர் தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றனர் என்பதை முதலில் அளந்தாக வேண்டும் என்பதே இப்பெயரின் பொருளாகும்.

எடுத்துக்காட்டொன்றால் இதனை விளக்கலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கற்பிக்கப்பட்டவை. நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்றிலிருந்தும் மும்மூன்று மாணவர் ஒரு பரீட்சைக்குத் தோற்றினர் என்க. நகரத்தார் 58, 60, 62 புள்ளிகளும், கிராமத்தார் 53, 55, 57 புள்ளிகளும், தோட்டத்தார் 48, 50, 52 புள்ளிகளும் பெற்றனர். சராசரிகள் முறையே 60, 55, 50 ஆகும். குழுக்களுக்கு இடைப்பட்ட மாறலின் சராசரி வர்க்கம் 75. குழுக்களுக்கு உட்பட்ட மாறலின் சராசரி வர்க்கம் 4. முன்னதைப் பின்னதால் வகுக்க வரும் எஃப் விகிதம் 18.75. நூற்றுக்கு ஐந்து என்னும் பொருண்மை மட்டத்தில் இதற்குரிய எல்லை ஏறத்தாழ 5.14 ஆதலின், சராசரிகள் வேறுபடுகின்றன என முடிவு செய்யலாம். இரண்டாவது நிலையில், நகரத்தார் 40, 60, 80 எனவும், கிராமத்தார் 35, 55, 75 எனவும், தோட்டத்தார் 30, 50, 70 எனவும் பெற்றனர் என்க. சராசரிகள் மாறவில்லை, அதே 60, 55, 50. ஆனால் உட்குழு மாறலின் சராசரி வர்க்கம் 400 ஆக உயர்ந்துவிட, எஃப் விகிதம் 0.19 அளவாகச் சுருங்குகின்றது. குழுக்கள் வேறுபடுகின்றன என்று கூற இவ்வெண்கள் இடந்தரவில்லை.

சராசரிகளை மாத்திரம் அச்சிட்டு வெளியிடும் அறிக்கையில் இவ்விரு நிலைகளும் ஒன்றாகவே தோன்றும் என்பது ஊன்றி நோக்கற்பாலது. இரண்டாம் நிலையில் 70 புள்ளி பெற்ற தோட்டத்து மாணவி, நகரத்துச் சராசரி மாணவனையும் விஞ்சி நிற்கிறாள். அவளைக் கண்டதும் '50' என்னும் எண்ணை நினைப்பவர், கணிதத்தின் பெயரால் கணிதத்துக்கே மாறுபடுகின்றார். முதல் நிலையிலோ தோட்டத்து மாணவருள் முதல்வர் பெற்ற 52 புள்ளி கிராமத்துக் கடைசி மாணவரின் 53 இனும் குறைவு. அங்கு எல்லோரையும் ஒருங்கே கீழிழுக்கும் ஏதோவொன்று உண்டு என ஐயுறுதல் நியாயமாகும். அந்த ஏதோவொன்று யாது என்பதே அடுத்த வினா. எஃப் விகிதம் 'வேறுபாடு உண்டு' என்று மாத்திரமே கூறும். எந்தக் குழு எதனினின்றும் வேறுபடுகின்றது என அறியத் தூக்கி போன்றோர் வகுத்த பின்னைய சோதனைகள் தேவை. 'ஏன்' என்பதற்கோ எந்தப் பட்டியலிலும் விடையில்லை.

இம்முறை பிறந்த வரலாறு 'ஏன்' என்னும் வினாவிற்கு ஒளி பாய்ச்சுவதாகும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919 இற் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், பசளையிட்ட நிலத்துண்டுகளின் விளைச்சலை ஒப்பிடும் தேவையிலிருந்தே இதனை உருவாக்கினார். 1923 இல் மக்கென்சியுடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வு உருளைக்கிழங்கு வகைகளும் பசளையும் பற்றியது. 1925 இல் வெளிவந்த அவரது நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. அதே 1925 இல் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோற்றம் பெற்றது. பின்னர் அது தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ரொதம்ஸ்டெட்டில் ஃபிஷருடன் இணைந்து ஆய்வு செய்த தோமஸ் ஈடன் 1920களின் பிற்பகுதியில் அந்நிலையத்தின் பணிக்கு வந்து, தேயிலை நிலப் பரிசோதனைகளுக்கு அப்புதிய முறையைக் கையாண்டார். ஆகவே மாறற்றிறன் பகுப்பாய்வு இம்மலைநாட்டிற்குக் கணினியோடு வந்த புதுமையன்று. தேயிலைச் செடியை அளக்கும் பொருட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன்னரே வந்து சேர்ந்த ஒன்றாகும்.

நிலத்துண்டுகளை ஒப்பிடும்போது ஃபிஷர் ஒரு விதியை வற்புறுத்தினார். எந்தத் துண்டிற்கு எந்தப் பசளை என்பதை ஆய்வாளர் விருப்பம் தீர்மானித்தல் கூடாது; திருவுளச்சீட்டுப் போன்ற எழுமாற்று முறையே தீர்மானித்தல் வேண்டும். ஏனெனில் ஒரு துண்டு மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்கலாம். ஒன்றின் மண் இயல்பிலேயே வளமானதாயிருக்கலாம். எழுமாற்றாகப் பங்கிட்ட பின்னரே விளைச்சலின் வேறுபாட்டைப் பசளையின் மேல் ஏற்றிக் கூறும் உரிமை ஆய்வாளருக்கு உண்டாகின்றது.

மனிதரிடம் இவ்விதியைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் அறத்தின் வினா கூர்மையடைகின்றது. எந்தக் குழந்தை லயத்திற் பிறத்தல் வேண்டும், எது நகரத்து வீட்டிற் பிறத்தல் வேண்டும் என யாரும் சீட்டுப் போட்டுப் பங்கிடவில்லை. பங்கிட்டது வரலாறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கை கொண்டு பிரித்தது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை பெரிதும் அவ்வமைப்பிற்குப் புறத்தே நின்றன. மேட்டு நிலத்திற்கும் பள்ள நிலத்திற்கும் உரிய வேறுபாட்டைப் பசளையின் மேல் ஏற்றிக் கூறுபவரை விவசாய விஞ்ஞானி நகைப்பார். வாக்கும் பாடசாலையும் நிலமும் மறுக்கப்பட்டதால் விளைந்த வேறுபாட்டைப் பிள்ளையின் மூளையின் மேல் ஏற்றிக் கூறுபவரை மாத்திரம் நகைக்காது விடுதல் எங்ஙனம் பொருந்தும்?

முறையை ஆக்கியவரே இம்மயக்கத்தினின்றும் விடுபடவில்லை என்பது வருந்தத்தக்கது. ஃபிஷர் 1933 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இனமேம்பாட்டியல் பேராசிரியரானார். மனித இனங்கள் குறித்து யுனெஸ்கோ 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கைக்கு மாறாக, மனிதக் குழுக்கள் பிறப்புரிமையான அறிவாற்றலில் ஆழ்ந்து வேறுபடுகின்றன என்னும் கருத்தை அவர் தெரிவித்தார். அவர் நினைவாகக் கேம்பிரிட்ஜ்க் கல்லூரியொன்றில் அமைந்திருந்த கண்ணாடிச் சாளரம் 2020 இல் அகற்றப்பட்டமைக்கு இத்தகைய கருத்துக்களே காரணமாயின. நிலத்துண்டுகள் விடயத்திற் கண்டிப்பாகக் கடைப்பிடித்த எச்சரிக்கையை மனிதர் விடயத்தில் அவர் நெகிழவிட்டார். கருவி கூரியதாயிருத்தல் அதனைக் கையாள்பவரின் நீதிக்கு உத்தரவாதமாகாது.

ஊவாவின் தேயிலை மலைகளிலேயே சராசரி ஒன்று நாள்தோறும் மனிதரை நிறுத்துக்கொண்டிருக்கின்றது. ஒரு நாளில் இத்தனை கிலோ கொழுந்து பறித்தல் வேண்டும் என்னும் அளவு பல தோட்டங்களில் விதிக்கப்படுகின்றது. அதனை எட்டாதவர்க்கு அரைப்பேர் போடப்படுதலும் உண்டு. இவ்வளவைக் குறைந்த நாளில் ஒரு பெண்ணின் கூடை ஏன் குறைந்தது? கை தளர்ந்தமை காரணமாகலாம். அவளுக்குக் கிடைத்த நிரை முதிர்ந்த விதைத் தேயிலையாக இருந்தமையும் காரணமாகலாம். அடுத்த மலையில் நின்றவளுக்கோ புதிய வீ.பீ. தேயிலை வாய்த்திருக்கலாம். மழை, செங்குத்து, பறிப்புச் சுற்றின் இடைவெளி ஆகியனவும் காரணமாகலாம். மொத்த மாறலில் மலைக்குரிய பங்கு எவ்வளவு, பருவத்திற்குரியது எவ்வளவு, கைக்குரியது எவ்வளவு எனப் பிரித்துக் காட்டுதலே மாறற்றிறன் பகுப்பாய்வின் தொழில். தேயிலைச் செடியின் பொருட்டு இந்நுட்பத்தைக் கையாண்ட மலைநாட்டில், அதே செடியைப் பறிக்கும் பெண்ணை மாத்திரம் பகுக்கப்படாத ஒற்றை எண் கொண்டு மதிப்பிடுதல் நீதியாகாது.

இன்னுமொன்று உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று ஊவா மலைகளைக் கடந்து வீச, கொழுந்தின் வளர்ச்சி குன்றுகின்றது. ஆனால் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் ஈட்டித்தந்த நறுமணம் அப்பருவத்திலேயே பிறக்கின்றது. கிலோவை அளந்தால் அது தாழ்ந்த பருவம். சுவையை அளந்தால் உயர்ந்த பருவம். குழுக்களை ஒப்பிடுமுன் எதனை அளப்பது எனத் தெரிதலும் ஓர் அறத்தேர்வே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் இப்பிரச்சினை மேலும் சிக்கலான உருவம் பெறுகின்றது. 1970களின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்த மொழிவாரித் தரப்படுத்தல், வெவ்வேறு மொழிமூலக் குழுக்களின் சராசரிகள் சமமாக்கப்படல் வேண்டும் என்னும் முற்கோளின் மேல் அமைந்தது. அதன்படி யாழ்ப்பாணத்துப் பெருங்கல்லூரியொன்றில் விஞ்ஞானங் கற்ற மாணவனும், ஆய்வுகூடமே அறியாத தோட்டப்பகுதி மாணவனும் 'தமிழ்மொழி மூலம்' என்னும் ஒரே குழுவினராயினர். பின்னவனின் புள்ளி, அவன் கண்டறியாத கல்லூரிகளின் சராசரியால் திருத்தப்பட்டது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு புகுந்தது. பிற்காலத்தே பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டக் குடித்தொகை, 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்னும் பங்கீடு நிலைபெற்றது. பதுளை அப்பதினாறனுள் ஒன்று.

இவ்வேற்பாட்டின் நோக்கம் நீதியானதே. கொழும்பின் சராசரிக்கும் பதுளையின் சராசரிக்குமிடையே உள்ள வேறுபாடு பிள்ளைகளின் குற்றமன்று என்பதை அது ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் அது காண்பது குழுக்களுக்கு இடைப்பட்ட மாறலை மாத்திரமே. பதுளை என்னும் குழுவிற்கு உள்ளே நகரத்தின் பெரிய பாடசாலையும் இருக்கின்றது. உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலையும் இருக்கின்றது. மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்களை அம்மாவட்டத்துள் வாய்ப்பு மிகுந்தோரே பெரிதும் பெறுதல் இயல்பு. உட்குழு மாறலைக் கணியாத எஃப் விகிதம் இல்லை. உட்குழு மாறலைக் கருதாத நீதியும் முழுமையானதன்று.

இவ்வளவுங் கேட்ட ஒருவர், சராசரிகளே தீங்கானவை, மனிதரை மனிதராக மாத்திரம் காணுதலே அறம் என்று கூறலாம். இக்கூற்றிற் பெருமையுண்டு, ஆயினும் ஆபத்தும் உண்டு. 2019 ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு கணித்தபோது, பெருந்தோட்டத் துறையினருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் பல்பரிமாண வறுமைக்கு உட்பட்டிருந்தமை தெரியவந்தது. நாடு முழுவதற்குமான வீதமோ 16 சதவீத அளவினதே. துறைவாரியாகப் பகுத்துக் காணாதிருப்பின் இவ்வுண்மை நாட்டின் பொதுச் சராசரிக்குள் மறைந்திருக்கும். ஒரு குடும்பத்தின் வறுமையை அக்குடும்பத்தின் சோம்பலென்றோ குடியென்றோ கூறித் தட்டிக்கழித்தல் எளிது. இலட்சக்கணக்கானோரின் சராசரியை அவ்வாறு தட்டிக்கழித்தல் இயலாது. தனிமனிதர் குரல் கேட்கப்படாதவிடத்துச் சராசரியே அவர்களுக்காகச் சாட்சி சொல்கின்றது.

ஆகவே இரு வினாக்களுக்கும் விடை ஒன்றோடொன்று இணைந்தே வருகின்றது. சராசரி, மனிதர் வாழும் ஏற்பாட்டைக் குறித்துச் சாட்சி கூறத் தகுதியுடையது. அந்த ஏற்பாட்டினுள் வாழும் ஒருவரைக் குறித்துத் தீர்ப்புக் கூறத் தகுதியற்றது. அதனை அரசின் முன்னும் நிருவாகத்தின் முன்னும் வைத்தல் அறம். நேர்முகப் பரீட்சைக்கு வந்த இளைஞன் முன் வைத்தல் அறமன்று.

இவ்விடத்தில் மென்பொருள் குறித்து ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. ஒரே லயத்தில், ஒரே ஆசிரியரிடம் கற்ற முப்பது பிள்ளைகளின் புள்ளிகள் ஒன்றையொன்று சாராத முப்பது அவதானங்களாகா. ஆனால் மென்பொருள் அவற்றை முப்பதாகவே எண்ணும். மாதிரி சிறிதாயின் உண்மையான வேறுபாடும் பொருண்மையற்றதாகத் தோன்றலாம். மிகப் பெரிதாயின் அற்ப வேறுபாடும் பொருண்மையுடையதாகலாம். சூனியக் கருதுகோளை மறுக்கப் போதிய சான்று கிட்டவில்லை என்பதற்கும், குழுக்கள் சமமானவை என நிறுவப்பட்டது என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. 'வேறுபாடில்லை' என எழுதிய ஓர் ஆய்வேட்டைக் காட்டிக் குறைகளைத் தீர்க்க மறுப்பவர் உளராயின், அப்பழியில் ஆய்வாளருக்கும் பங்குண்டு. முன்னாளில் கையாற் கணித்தவர் ஒவ்வொரு விலகலையும் வர்க்கிக்கும்போது, அவ்விலகலுக்குரிய மனிதரை ஒரு கணமேனும் சந்தித்தார். கணினி அக்கடுமையான உழைப்பை நீக்கியது நன்றே; அச்சந்திப்பையும் நீக்கிவிட்டதா என ஆய்வாளர் தம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும்.

நடுவுநிலைமையைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுதல் தமிழ் அறநூல்களின் மரபு. ஊவா மலைகளிற் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரு தராசு உண்டு. அங்கு கூடையின் பாரத்தைக் கழித்த பின்னரே கொழுந்தின் பாரம் எழுதப்படல் வேண்டும் என்பது எவரும் ஒப்பும் முறை. அளவுக்கு மேற் கழித்தாலும் முறைப்பாடு எழும். கழியாது விட்டாலும் கணக்குப் பிழைக்கும். மனிதரை அளக்கும் இடத்திலும் இம்முறையே வேண்டப்படுகின்றது. பிறந்த லயமும் படித்த பாடசாலையும் முன்னோர் இழந்த வாக்குரிமையும் ஒருவர் முதுகின் மேல் ஏற்றப்பட்ட பாரங்கள். அவற்றை அளத்தல் வேண்டும். அளந்து, உரியவரிடம் கணக்குக் கேட்டல் வேண்டும். ஆனால் அவற்றைச் சுமந்து வருபவரின் பெயருக்கு நேரே அவரது இயல்பென எழுதுதல் கூடாது.